பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம்

அயலகத் தமிழர் நல வாரியத்துக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோர்க்கு வணக்கம்.

கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலும், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் நிரப்பும் படிவத்திலும் ஒரு கட்டம் கூடுதலாகப் போடும்படி கேட்டு இதை எழுதுகிறோம். கணவர் வெளிநாட்டில் இருக்கிறாரா, எந்த மாதம் போனார், அடுத்து எந்த மாதம் வருகிறார் என்ற மூன்று விவரங்கள் அந்தக் கட்டத்தில் இருந்தால் போதும். எழுதுகிற நாங்கள் ராமநாதபுரம் தொடங்கி நாகப்பட்டினம் வரையுள்ள மாவட்டங்களில் மனநலப் பணியிலும் தாய்சேய் நலப் பணியிலும் இருப்பவர்கள். கட்டம் ஒன்றுதான், விளக்கம் கொஞ்சம் நீளம். பொறுத்துப் படிக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. அதிகம் பேர் போன நாடுகள் சிங்கப்பூர், அமீரகம், சவூதி. போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். போகிறவரை எண்ண பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரைப் பதியும் அரசுத் தளமான இ-மைக்ரேட் இருக்கிறது, உங்கள் வாரியத்தின் உறுப்பினர் பதிவு இருக்கிறது. அவர் அனுப்பும் பணத்தை வங்கி எண்ணுகிறது. ஊரில் இருக்கும் மனைவியை எண்ண ஒரு தாள்கூட இல்லை. ஓ.பி. சீட்டில் ‘திருமணமானவர்’ என்று எழுதுவதோடு சரி.

கணவர் வெளிநாட்டில் இருப்பதே ஒரு நோய் என்று நாங்கள் சொல்லவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் ‘சபுராளி’, அதாவது வெளிநாட்டுப் பயணம் போனவர், என்ற சொல் தலைமுறைகளாகப் புழங்குகிறது. பயணம் போன ஆணின் வீட்டை நடத்தும் பழக்கம் அங்கே பாட்டி காலத்திலிருந்தே உண்டு. மேஸ்திரியோடு மல்லுக்கட்டி மாடி எடுத்தவர், வங்கி, பள்ளிக்கூடம், பத்திரப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் தானே போய்வந்து நிமிர்ந்தவர் ஏராளம். தடுமாறுகிறவரை நேரத்தோடு கண்டுபிடிப்பதற்குத்தான் கட்டம் கேட்கிறோம். இந்தத் தடுமாற்றம் திடீரென்று வருவதில்லை. அதற்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது. கணவர் கிளம்பிப் போன மாதமும் திரும்பி வரும் மாதமும் தெரிந்தால் அந்த நாள்காட்டியை முன்கூட்டியே எழுதிவிடலாம்.

முதல் மூன்று மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் சட்டப்படி 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. நடப்பில் கைமாறுவது லட்சக் கணக்கு. ‘ஃப்ரீ விசா’ என்றால், அதாவது பெயருக்கு ஒருவர் விசா தர வேலையைத் தானே தேடிக்கொள்வது என்றால், இன்னும் கூடும். அந்தப் பணம் பெரும்பாலும் மனைவியின் நகையிலிருந்து வந்திருக்கும், அல்லது மனைவி பெயரில் எடுத்த குழுக் கடனாக இருக்கும். முதல் சம்பளம் முழுசாக வந்து சேர இரண்டு மூன்று மாதமாகிறது. குழுக்காரர் வாரா வாரம் வாசலுக்கு வருகிறார், பதில் சொல்ல வேண்டியவர் வீட்டிலிருப்பவர். இந்த மூன்று மாதத்தில் தூக்கமின்மை, படபடப்பு என்று வருகிறவரிடம் கடன் எவ்வளவு, தவணை என்று, நகை எந்த வங்கியில் இருக்கிறது என்று கேட்காமல் மாத்திரை எழுதினால் பாதிப் பிரச்சினை கேட்கப்படாமலே போய்விடும்.

அடுத்தது லீவுக் கர்ப்பம். இரண்டு மாத லீவு முடிந்து அவர் திரும்பும்போது மனைவிக்கு இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ ஆகியிருக்கும். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவு, ஸ்கேன், வளைகாப்பு, பிரசவம், பெயர் வைப்பது எல்லாம் வீடியோ காலில் நடக்கும். பேறுகாலத்தை ஒட்டிய மனச்சோர்வு கர்ப்பத்திலேயே தொடங்கலாம், பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டுப் பார்வை 42ஆம் நாளோடு முடிகிறது. அதற்குப் பிறகும் தாய் தவறாமல் வருகிற நாட்கள் உண்டு: தடுப்பூசிக்கான 6, 10, 14ஆம் வாரங்கள், பிறகு 9ஆம் மாதம். ஊசி போட்ட பின் குழந்தையைக் கவனிக்க அரைமணி நேரம் உட்காரவைக்கிறோமே, பேறுகால மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளையும் கேட்க அந்த நேரம் தாராளம். இதற்குத் தனி முகாம் தேவையில்லை.

லீவு என்றால் சந்தோஷம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். லீவுக்கு முந்தைய மாதம் பல பெண்களுக்குக் கணக்கு ஒப்பிக்கும் மாதம். அனுப்பிய பணம் எங்கே போனது, கட்டடம் ஏன் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது, யார் யார் வீட்டுக்கு வந்தார்கள் என்ற கேள்விகள் போனிலேயே ஆரம்பித்துவிடும். வந்த அன்று பெட்டி பிரிப்பது. கோடாலி தைலம், டாங், சென்ட் பாட்டில், போர்வை எல்லாம் மாமியார் முன்னால் விரித்து வைக்கப்பட்டு நாத்தனார், கொழுந்தன், பக்கத்து வீடு என்று பங்கு பிரியும். தனக்கென்று எதையும் எடுத்துவைக்க முடியாமல் மனைவி சமையலறையில் நிற்பார். பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் லீவில் நடக்கும் சண்டைகளை விசாரித்தால் பெட்டியில் போய் முடிவது அடிக்கடி நடப்பது. இரண்டு வருஷப் பிரிவில் தனக்கு இருந்த இடம் என்ன என்ற கேள்விக்கு அந்தப் பெட்டிதான் ஊரறியச் சொல்லும் பதில். பிறகு திருச்சி விமான நிலையத்தில் ஏற்றிவிட்டுத் திரும்புகிற வேன். அந்த நாளிலிருந்து இரண்டு வாரம் செவிலியர் ஒருமுறையாவது எட்டிப் பார்க்க வேண்டிய வாரங்கள்.

குழந்தை இல்லை என்ற குற்றச்சாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு எளிய கணக்கு தவறுகிறது. 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. 35 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 6 மாதம். கல்யாணத்தின்போது இரண்டு மாதம், இரண்டு வருஷம் கழித்து இரண்டு மாதம், நாலு வருஷம் கழித்து இரண்டு மாதம் என்றால், கல்யாணமாகி ஆறாவது வருஷம் நடக்கும்போது அந்தத் தம்பதி சேர்ந்து வாழ்ந்தது ஆறு மாதம். ஊர் எண்ணுவது ஆறு வருஷம். பெண்ணை மட்டும் ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, லேப்ராஸ்கோப்பி என்று அலைய வைக்கிறார்கள். விந்தணுப் பரிசோதனை செய்யாமலே அவர் விமானம் ஏறிவிடுகிறார். லீவு தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்தப் பரிசோதனையை எடுத்துவிட வேண்டும், இருவரின் நாட்களையும் கூட்டிச் சீட்டில் எழுத வேண்டும் என்று மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போடுங்கள். ‘சேர்ந்து வாழ்ந்த காலம்: 6 மாதம்’ என்று மருத்துவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தால், வீட்டில் மாமியார் முன்னால் நீட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான இன்னொன்று காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம். ‘புருஷன் ஊர்லயே இல்ல, எதுக்கு இது?’ என்று சுகாதார நிலையத்திலேயே யாராவது சத்தமாகக் கேட்டுவிடுகிறார்கள். லீவுக்கு முன் போட வந்தவர் அத்தோடு திரும்பிவிடுவார். அடுத்த வருஷம் திட்டமிடாத கர்ப்பத்தோடு வருவார்.

‘கேன்சல்’ என்று ஊரில் சொல்வார்களே, விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவது, அதுவும் நாள்காட்டியில் உண்டு. பிரிவு முடிந்தது, இனி எல்லாம் சரியாகும் என்று மருத்துவரே நினைத்துக் கோப்பை மூடிவிடுகிறார். பத்துப் பதினைந்து வருஷம் தானே முடிவெடுத்த பெண்ணிடமிருந்து ஏ.டி.எம். கார்டு ஒரே நாளில் கைமாறுகிறது. வந்தவருக்கு வேலையில்லை, சர்க்கரை இருக்கிறது, பல வீடுகளில் குடியும் சேர்கிறது. வந்து மூன்று மாதம் கழித்து இருவரையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அனுபவக் கணக்கு.

இனி, இது எந்த உருவில் வருகிறது என்பது. ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, உச்சந்தலை எரிகிறது, கைகால் மரத்துப்போகிறது, வயிற்றில் ஏதோ உருளுகிறது, வெள்ளைப்படுகிறது என்றுதான் வருவார்கள். வெள்ளைப்படுதல் என்ற புகாருக்கும் மனச்சோர்வு, பதற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் கோவாவில் நடந்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. தொற்று இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், சந்தேகமில்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லாதபோதும் மூன்றாவது தடவையாக அதே மாத்திரைக் கிட்டைக் கொடுத்தனுப்புவதுதான் தவறு. அதேபோல டிரிப்ஸ். தனியார் கிளினிக்கில் ஒரு பாட்டில் சத்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டால் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்திருக்கலாம், ஒரு நர்ஸ் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நிவாரணம் அதில்தான் இருக்கிறது, பாட்டிலில் இல்லை.

இளம்பெண்களுக்கு வலிப்பு மாதிரி வருவது உண்டு. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைப்பார்கள். கண் இறுக மூடியிருப்பது, தலை இருபக்கமும் ஆடுவது, நிமிடக் கணக்கில் நீண்டு விட்டுவிட்டு வருவது ஆகியவை மனஅழுத்தத்தால் வரும் வலிப்பின் பக்கம் காட்டும் அடையாளங்கள். நாக்கின் ஓரம் கடிபடுவதும் தூக்கத்திலிருந்தே தொடங்குவதும் நரம்பு சார்ந்த வலிப்பின் பக்கம் காட்டுபவை. எந்த அடையாளமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது, சந்தேகம் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் ‘நடிக்குது’ என்ற சொல் அவசரப் பிரிவில் யார் வாயிலும் வரக்கூடாது. அது நடிப்பில்லை, அவர் வேண்டுமென்று செய்வதுமில்லை. அந்தச் சொல் கணவர் காதுக்கு அன்று இரவே போய்விடும். வருஷக்கணக்கில் வேண்டாத வலிப்பு மாத்திரையும் இங்கேதான் தொடங்குகிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர் பெண்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீடு தேடிப் போகிறார்கள். மாமியாருக்கு பிபி பார்க்க வந்தவர் மருமகளிடம் இரண்டு கேள்வி கேட்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ. அளவுகோலின் முதலிரண்டு கேள்விகள்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையில்லாமல் இருந்ததா. ஒருநாளும் இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. இரண்டும் சேர்ந்து 3 வந்தால் ஒன்பது கேள்விகளையும் கேட்க வேண்டும். அதில் 10 வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உயிரோடு இருந்து என்ன என்று தோன்றியதா என்ற ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் கூட்டலைப் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடமோ மனநலக் குழுவிடமோ சேர்க்க வேண்டும்.

கேள்விகளை அச்சடித்த தமிழில் அப்படியே படித்தால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். மூன்று இடங்களில் இந்தப் பெண்களுக்கென்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. தூக்கம் முதலாவது. ரியாத்தில் இரவு பத்து மணிக்குக் கணவர் அறைக்கு வந்து போன் எடுத்தால் இங்கே பன்னிரண்டரை. பேசி முடித்து ஒன்றரைக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுகிறவருக்குத் தூக்கம் குறைவுதான், அது நோய்க்குறி ஆகாது. படுத்த பிறகும் வரவில்லையா, விடியுமுன் விழித்துக்கொள்கிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டாவது, தோற்றம். தலைவாரிப் பூ வைத்து நல்ல சேலை உடுத்தினால் ‘அவரு இல்லாதப்ப யாருக்கு இந்த அலங்காரம்’ என்று தெருவே கேட்கும். அதனால் அழுக்கு நைட்டியைச் சோர்வின் அடையாளமாகக் குறிக்காதீர்கள். தற்காப்புக்காகவும் இருக்கலாம். வீட்டுக்குள், கதவு சாத்திய பிறகு தலைவாரத் தோன்றுகிறதா என்று கேட்டால் உண்மை தெரியும். மூன்றாவது, நாட்டம். வெளியே போகப் பிடிக்கிறதா என்று கேட்காதீர்கள், போகவே விடாத வீடுகள் உண்டு. சமைத்ததை உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள்.

எங்கே வைத்துக் கேட்பது என்பதில் இப்போது புதுச் சிக்கல் ஒன்று. ஹாலில், வாசலைப் பார்த்தபடி, ஒரு கேமரா. வெளிநாட்டிலிருக்கும் கணவர் கைபேசிச் செயலியில் வீட்டைப் பார்க்கிறார். பெரும்பாலானவற்றில் மைக்கும் உண்டு. திருட்டுப் பயத்துக்கு மாட்டியதாகவே இருக்கலாம். தன்னார்வலர் சோபாவில் உட்கார்ந்து ‘வீட்டுல அடிக்கிறாங்களா?’ என்று கேட்டால் பதிலை மூன்று பேர் கேட்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். பயிற்சியில் இதைச் சேருங்கள்: உள்ளே நுழைந்ததும் மேலே பார், கேமரா இருந்தால் பிபி மட்டும் பார்த்துவிட்டு, ‘கொல்லையில துணி காயுதே, வா எடுப்போம்’ என்று கூட்டிக்கொண்டு போ, அல்லது அங்கன்வாடிக்கு வரச்சொல். அங்கன்வாடிக்கு வர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காகிதப் படிவத்தை வீட்டில் விட்டுவிட்டு வரவும் கூடாது.

மருத்துவரிடம் வந்தபின் செய்யவேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவையே, இருந்தாலும் தவறுகிற இடங்களைச் சொல்லிவிடுகிறோம். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்காமல் மனச்சோர்வு என்று முடிவு கட்டக்கூடாது. மருந்து தேவையென்றால், அது பிடிக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டலோ படபடப்போ கூடலாம் என்று முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாததால்தான் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாகத் தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் லீவு வந்துவிட்டால் மாத்திரை அட்டை அரிசி டிரம்மின் அடிக்குப் போய்விடும். ‘பைத்தியத்துக்கு மருந்து திங்கிறியா’ என்று கேட்பாரோ என்ற பயம் ஒன்று, குழந்தைக்கு முயலும் நேரத்தில் மாத்திரை கூடாதோ என்ற ஐயம் ஒன்று. திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், லீவில் சண்டை வரும், சண்டையை எல்லோரும் அவர் குணத்தின் மேல் போடுவார்கள். லீவு மாதம் கட்டத்தில் இருந்தால் அதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவர் இதைப் பேசித் தீர்த்துவைக்கலாம்: தொடர்வதா, கர்ப்பத்துக்கு ஏற்ற மருந்துக்கு மாற்றுவதா, கணவரிடம் யார் சொல்வது. கட்டம் கேட்பதற்கு எங்களிடம் உள்ள வலுவான காரணம் இதுதான்.

பதற்றத்துக்கான மாத்திரையான அல்பிரசோலம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பார்த்துக்கொள்ள வேண்டும். ‘பாதி மாத்திரை போட்டா தூங்கிரலாம்’ என்று அக்காள் தங்கைக்குச் சொல்லும் மருந்தாக அது ஆகிவிட்டது. சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவருக்கு எந்த மருந்தையும் ஒரு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கையில் கொடுக்காதீர்கள்.

எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையைத் தர முடியும் என்பது இந்தத் துணைக்கண்டத்திலேயே நிரூபணமானது. 2008இல் வெளிவந்த ராவல்பிண்டி கிராமப்புற ஆய்வில், பாகிஸ்தானின் பெண் சுகாதாரப் பணியாளர்கள் மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளை வீட்டுக்குப் போய் 16 தடவை சந்தித்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மாரில் 23 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு இருந்தது, இந்தப் பயிற்சி பெறாத பணியாளர்கள் பார்த்தவர்களில் 53 விழுக்காடு. கோவாவில் 2017இல் வெளியான ஆய்வில் ஆறிலிருந்து எட்டு வாரச் சந்திப்புகள், ஒவ்வொன்றும் அரைமணி, முக்கால்மணி. செய்வது சிக்கலானதில்லை: சோர்ந்தவர் கைவிட்ட வேலைகளில் எதைச் செய்தால் மனம் கொஞ்சம் லேசாகிறது என்று அவரோடு சேர்ந்து கண்டுபிடித்து, அதை வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதிவைத்து, அடுத்த வாரம் கேட்பது. தையல் மிஷினை மறுபடி எண்ணெய் போட்டு ஓட்டுவதாக இருக்கலாம், தாய்வீட்டுக்குப் போய்வருவதாக இருக்கலாம். நம் தன்னார்வலர்களில் வட்டாரத்துக்குப் பத்துப் பேருக்காவது இந்தப் பயிற்சியும், மாவட்ட மனநலக் குழுவின் வாராந்திர மேற்பார்வையும் கொடுங்கள். மேற்பார்வை இல்லாத பயிற்சி மூன்றே மாதத்தில் புத்திமதி சொல்வதாகத் தேய்ந்துவிடும்.

கணவரைச் சேர்க்காமல் இதில் பாதி வேலை நடக்காது. ‘அவருகிட்ட கேட்டுட்டு வர்றேன்’ என்று போனவர் திரும்பி வருவது குறைவு, கேட்கவே தைரியம் வந்திருக்காது. மனைவி சம்மதித்தால் மட்டும், மனைவி எதைச் சொல்லலாம் என்கிறாரோ அதை மட்டும், நம் பணியாளர் அவரோடு பேச வேண்டும். இங்கே ஓ.பி. நடக்கும் காலை வேளையில் அவர் சைட்டில் இருப்பார். சவூதி, குவைத், கத்தார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அமீரகம் ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். வளைகுடாவில் பல நாடுகளுக்கு வெள்ளி மாலை தோதானது. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் பலருக்கு ஞாயிறுதான் ஓய்வு. மாவட்டத்துக்கு ஒரு ஆலோசகரின் பணி நேரத்தை வெள்ளியும் ஞாயிறும் மாலை நான்கிலிருந்து ஒன்பது என்று மாற்றினால் போதும். அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு எடுக்காது, போட்டிம் மாதிரியான செயலி அலுவலகப் போனில் இருக்க வேண்டும். டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416 இந்தியாவுக்குள்ளிருந்து கூப்பிடும் எண். வாரியத்தின் உதவி மையத்துக்கு வெளிநாட்டிலிருந்து கூப்பிடத் தனி எண் இருக்கிறது. சம்பளம் வரவில்லை என்று கூப்பிடுகிறவரிடம் ‘வீட்டில் எப்படி இருக்கிறார்கள்’ என்று கேட்கவும், வேண்டுமானால் அந்த அழைப்பை மனநல ஆலோசகருக்கு மாற்றிக் கொடுக்கவும் அங்கே வழி செய்யுங்கள். சொல்லப்போனால், பத்துப் பேர் படுக்கும் அறையில் அடுக்குக் கட்டிலில் கிடப்பவருக்கும் அந்த ஆலோசகர் தேவைப்படலாம்.

அவரிடம் பேசும்போது ‘உங்கள் மனைவிக்கு மனநோய்’ என்று தொடங்கினால் போன் மாமியாருக்குப் போகும். தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது, சிகிச்சை எடுத்தால் சரியாகும், நீங்கள் செய்யக்கூடியது இரண்டு என்று தொடங்குங்கள். ஒன்று, ஆன்லைனில் இருந்தாயே யாரோடு பேசினாய் என்ற விசாரணையை நிறுத்தி, தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் பேசுவது. மற்றது பணம்.

சம்பளம் அப்பா கணக்குக்கோ அண்ணன் கணக்குக்கோ போகிற வீட்டில், அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏற நூறு ரூபாய்க்கு மனைவி காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சை அறுந்துபோவதற்கு மருந்தைவிட இந்த நூறு ரூபாய் பெரிய காரணம். வாரியத்தில் உறுப்பினராகப் பதியும்போதே, மனைவியின் தனிக் கணக்குக்கு மாதம் ஒரு நிலையான தொகை போகும்படி வங்கிக்கு நிரந்தர உத்தரவு கொடுக்கும் தாளையும் சேர்த்து வையுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும், தேதி தவறக்கூடாது. கட்டாயமாக்க வேண்டியதில்லை, தாள் கண்ணில் பட்டாலே பலர் கையெழுத்துப் போடுவார்கள். புறப்படும் முன் நடக்கும் பயிற்சியில் மனைவிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இதை அங்கேயே முடிக்கலாம். ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுப் பத்திரம் நான்கின் நகலும் வீட்டில் ஒரு உறையில் இருக்க வேண்டும். கம்பெனி பெயர்கூடத் தெரியாமல் தூதரகத்துக்கு மனு எழுத உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மரணச் செய்தியைப் பற்றி வாரியத்திடம் தனியாக ஒரு வேண்டுகோள். உடலைக் கொண்டுவர நீங்கள் எடுக்கும் முயற்சியை அறிவோம். ஆனால் செய்தி வீட்டுக்கு வரும் வழி பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழு, சில சமயம் உடலின் படத்தோடு. அதன்பின் மரணச் சான்று, தடையில்லாச் சான்று, பதப்படுத்தல் சான்று என்று நாட்கள், சில சமயம் வாரங்கள். அதுவரை வீட்டில் அடுப்பெரியாது, மனைவியிடம் பாதி உண்மைதான் சொல்லியிருப்பார்கள், ‘ஐ.சி.யு.வில் இருக்கிறார்’ என்று. மனு உங்களிடம் வந்த அன்றே கிராம சுகாதார செவிலியருக்கும் மாவட்ட மனநலக் குழுவுக்கும் தகவல் போகட்டும். 48 மணி நேரத்துக்குள் ஒருமுறை, உடல் வந்த வாரத்தில் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை. முதல் தடவை ஆலோசனை சொல்ல வேண்டாம். தண்ணீர் குடித்தாரா, தூங்கினாரா, கர்ப்பமாக இருக்கிறாரா, கூட இரவு படுப்பது யார் என்று பார்த்தால் போதும். இஸ்லாமிய வீடுகளில், கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா காலமான நான்கு மாதம் பத்து நாளும் பெண் பணியாளர்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஓ.பி.க்கு வா என்று சீட்டு எழுதி அனுப்புவதில் அர்த்தமில்லை.

கட்டம் கேட்கிறோமே, அதன் ஆபத்தும் எங்களுக்குத் தெரியும். கணவர் ஊரில் இல்லாத பெண்களின் பட்டியல் தவறான கையில் கிடைத்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனநல சிகிச்சை எடுத்த சீட்டை விவாகரத்துக்கும் தலாக்குக்கும் சாட்சியாக நீட்டுபவர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் ரகசியக் காப்பை உரிமையாகவே தந்திருக்கிறது. எனவே அந்தக் கட்டம் செவிலியருக்கும் மருத்துவருக்கும் மட்டும் திறக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்துக்கோ ஜமாத்துக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ, ‘நல்லதுக்குத்தான்’ என்று யார் கேட்டாலும், பெயர்ப் பட்டியல் போகக்கூடாது. மறுத்தவர் பெயரில் கட்டம் காலியாகவே இருக்கட்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கொண்டுவந்தால் வழக்காகிவிடும் என்ற பயமும் மருத்துவமனை வாசலில் இன்னும் இருக்கிறது. முயன்றவரைத் தண்டித்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் கிடையாது என்று அவசரப் பிரிவுச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து அறிக்கை கேட்கும்போது எத்தனை பேரிடம் கேள்வி கேட்டீர்கள் என்று கேட்காதீர்கள், அந்த எண்ணை உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பிவிடலாம். மருத்துவரிடம் அனுப்பியவர்களில் ஆறாவது வாரமும் வந்தவர் எத்தனை பேர், லீவில் கணவர் வந்திருந்த மாதத்திலும் மருந்தை நிறுத்தாதவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
கடலோர, டெல்டா மாவட்டங்களின் மனநல சமூகப் பணியாளர்கள், ஆலோசகர்கள், செவிலியர்கள்